எலிவேஷன் படம் கடைசியில் வரட்டும்: செட்டிநாட்டுப் பக்கம் வீட்டின் வெளிப்புறம் அமைக்க ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஐந்தரை சென்ட் மனை வாங்கி நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது என் கைப்பேசியில் நாற்பது எலிவேஷன் படங்கள், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றத்தைக் காட்டும் படங்கள், இருந்தன. சாம்பல் நிறச் சுவர், கண்ணாடிக் கைப்பிடி, மரம் மாதிரித் தெரியும் அலுமினியப் பட்டை, இரவில் எரியும் நீல விளக்கு. பக்கத்து மனை ஆச்சியிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. வந்தவுக எங்க உக்காருவாக?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நாற்பது படத்திலும் உட்கார இடமில்லை. நிழலும் இல்லை. மழைத்தண்ணீர் எங்கே விழும் என்பதும் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் வெயில், அடுத்து தண்ணீர், அப்புறம் உட்காரும் இடம், பிறகு தரை. எலிவேஷன் எல்லாவற்றுக்கும் கடைசி. அதே வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். முதல் முறை வீடு கட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. மேஸ்திரிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதல் வேலை: நாற்காலி போட்டு உட்காருங்கள்

வரைபடக்காரரிடம் போவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மனைக்கு எடுத்துப் போங்கள். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை நாலரை என்று மூன்று வேளையும் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். ஒரு தாளில் மனையின் கட்டத்தைப் போட்டு, வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, பக்கத்து வீட்டு மாடியின் நிழல் எதுவரை நீள்கிறது என்று குறியுங்கள்.

காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறந்த சில நாளில் உச்சிவெயில் நேராகத் தலைக்கு மேல் நிற்கும். அதன் பிறகு சூரியன் வடக்கே போய், ஆனி மாதம் வடக்குச் சுவரில்தான் வெயில் அடிக்கும். ஆவணியில் மறுபடி தலைக்கு மேல் வந்து, மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். "வடக்குப் பக்கம் எப்போதும் குளுமை" என்று யாராவது சொன்னால் ஆனி மாதம் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தெற்குச் சுவரைக் காப்பது எளிது. மார்கழி நண்பகலில்கூடச் சூரியன் 56 டிகிரி உயரத்தில் இருக்கும். 2 அடி சன்ஷேடு அதற்குக் கீழே 3 அடி சுவரை நிழலில் வைத்துவிடும். மேற்குதான் சண்டைக்கு வரும் திசை. மாலை நாலு மணிக்கு வெயில் சாய்வாக உள்ளே நுழைகிறது. அதே 2 அடி சன்ஷேடு அப்போது ஒன்றரை அடியைக்கூட மறைக்காது. மேற்கில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு நண்பர் வீட்டில் நடு ஹாலுக்குத் திரை மேல் திரை போட்டு, பகலிலேயே விளக்கு எரிகிறது.

காற்றுக்கு ஒரு குறிப்பு. ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் புழுதியை அள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கிழக்கையும் வடகிழக்கையும் நனைக்கும். கிழக்கு பார்த்த தாழ்வாரத்துக்குச் சாரல், மேற்கு பார்த்ததற்குப் புழுதி. எது வந்தாலும் சமாளிக்க வேண்டியதுதான், ஆனால் முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

மட்டமும் வாட்டமும்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும். தாண்டிப் போகாதீர்கள், பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கம் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். தெருவிலிருந்து பல படி ஏறித்தான் திண்ணைக்கே போக வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில் நகரத்தார் வீடுகளை உயர்த்திக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கதை இருக்கட்டும். அந்த ஊர்களில் மழைத்தண்ணீர் வீட்டிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஊருணிக்கு என்று ஓடும்படி ஊரையே வாட்டம் பார்த்து அமைத்தார்கள். மழை குறைந்த ஊரில் குடிதண்ணீருக்கு வேறு வழி கிடையாது.

இன்றைக்கு உங்கள் எதிரி தெருதான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலே போட்டுக்கொண்டே போகிறார்கள். இன்று தெருவுக்கு 1 அடி மேலே கட்டிய வீடு பத்து வருடத்தில் தெருவுக்குக் கீழே போய்விடும். நான் வைத்த கணக்கு இது: வீட்டின் தரை, தெரு நடுவிலிருந்து 3 அடி உயரம். கார் நிற்கும் போர்டிகோ 1 அடி உயரம். போர்டிகோவிலிருந்து வீட்டுக்கு 6 அங்குல உயரத்தில் நாலு படி. படியின் அகலம் 12 அங்குலம். வெளிப்படி 7 அங்குலத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். தெருவிலிருந்து கார் ஏற 1 அடி உயரத்துக்கு 8 அடி நீளமாவது சரிவு வேண்டும். அந்தச் சரிவை மனைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். தெரு வாய்க்காலை மூடிச் சரிவு போட்டால் முதல் பெருமழையில் தெருவே உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

வெளித்தரைக்கெல்லாம் வாட்டம் வேண்டும். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம் போதும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். கொத்தனார் "அதெல்லாம் கண்ணு மட்டத்துலயே வந்துரும்ணே" என்பார். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்துச் சுவரில் கோடு போட்ட பிறகே ஜல்லி கொட்ட விடுங்கள்.

மாடித் தண்ணீருக்கும் ஒரு கணக்கு. 1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர். ஒரே மாலையில் 5 சென்டிமீட்டர் பெய்யும் நாள் இங்கே உண்டு. 4,600 லிட்டரை ஒரே மூலையில் ஒரே குழாயில் இறக்கினால் செம்மண்ணில் பள்ளம் பறித்துவிடும். மூலைக்கு ஒன்றாக 4 அங்குலக் குழாய் வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003லிருந்து கட்டாயம். பேருக்கு ஒரு குழாயை மண்ணில் புதைத்துப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழத்தில் குழி வெட்டி, உடைகல்லும் கூழாங்கல்லும் போட்டு, மேலே மணல் பரப்புங்கள். அஸ்திவாரத்தை ஒட்டி வெட்ட வேண்டாம். போர்வெல் பக்கம் இருந்தால் நல்லது.

கிரயப் பத்திரத்தோடு ஒரு முறை கட்டட அனுமதி தரும் அலுவலகத்துக்கும் போய் வாருங்கள். தெருப்பக்கமும் பக்கவாட்டிலும் எவ்வளவு காலியிடம் விட வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளில், மனை அளவையும் தெரு அகலத்தையும் பொறுத்து மாறும். காரைக்குடி 2024ல் மாநகராட்சியானபோது சுற்றியுள்ள சில ஊர்களும் அதோடு சேர்ந்துவிட்டன. உங்கள் மனை யாரிடம் அனுமதி வாங்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வரையச் சொல்லுங்கள். விட வேண்டிய அந்தக் காலியிடம்தான் பின்னால் உங்கள் தோட்டமும் கொல்லையும் ஆகப்போகிறது.

திண்ணையும் தாழ்வாரமும்

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

"அவுட்டோர் லிவிங்" என்று இப்போது கடைகளில் தனியாக விற்கிறார்கள். பிரம்பு சோபா, குடை, செயற்கைப் புல். நம் பக்கத்து வீட்டில் அது முன்பே இருந்தது. முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, தோட்டம் என்று ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் பெரிய வீட்டில் பாதி இடம் வானம் பார்த்ததுதான். வெளியிலிருந்து உள்ளே போகப் போகத் தெரு ஆள், விருந்தாளி, உறவு, வீட்டுப் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லைகள் எல்லாம் இன்றைக்கு வேண்டியதில்லை. ஆனால் நிழலான இடம், அரை நிழல், திறந்தவெளி என்று படிப்படியாகப் போகும் அந்த அமைப்பு ஐந்தரை சென்டிலும் வரும். பழைய வீட்டிலிருந்து எடுக்க வேண்டியது அதைத்தான். தூணையும் யானைச் சிற்பத்தையும் மட்டும் எடுத்து ஒட்டினால் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும்.

திண்ணையின் அளவு முக்கியம். உட்காரும் உயரம் 16 முதல் 18 அங்குலம். உட்கார மட்டும் என்றால் ஆழம் 2 அடி. சம்மணம் போட்டு உட்காரவும், மதியம் ஒரு குட்டித்தூக்கம் போடவும் வேண்டுமானால் 3 அடி. நீளம் 6 அடிக்குக் குறையக் கூடாது. மேல்தளம் வெளிப்பக்கம் கால் அங்குலம் சாய வேண்டும். சாரல் தண்ணீர் தேங்காது. விளிம்பை உருட்டிவிடச் சொல்லுங்கள், கூர்மையாக விட்டால் தொடையின் பின்புறத்தை அறுக்கும். மேலே சிவப்பு ஆக்சைடு பூசலாம். சொந்த விருப்பம் சொல்வதென்றால், கறுப்புக் கிரானைட்டைவிட ஆக்சைடுதான் உட்கார இதம். வெயில் படும் இடத்தில் கறுப்புக் கல் மாலை ஆறு மணிக்கும் தோசைக்கல்தான்.

திண்ணைக்கு முன்னால் தாழ்வாரம். இங்கேதான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 4 அடி ஆழத்தில் ஒரு சிட் அவுட் போட்டு அதில் இரண்டு நாற்காலி வைத்தால் மூன்றாவது ஆள் பக்கவாட்டில் நடந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். நாற்காலி போட்டு, முன்னால் ஆள் நடக்க 8 அடி வேண்டும். இடமில்லை என்றால் ஹாலில் 2 அடி குறையுங்கள். ஹாலில் அந்த 2 அடி சோபாவுக்குப் பின்னால் செத்த இடமாகத்தான் கிடக்கும்.

தெரு எந்தத் திசையில் இருந்தாலும், மாலையில் உட்காரும் தாழ்வாரம் கிழக்கிலோ வடகிழக்கிலோ அமைந்தால் வீட்டின் நிழலே அதன் மேல் விழும். கிழக்கும் மேற்குமாக இரண்டு வாசலிலும் திண்ணை வைத்த பழைய வீட்டில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாற்றி உட்கார்ந்துகொள்ளலாம். உங்கள் தெரு மேற்கில் இருந்தால் முன்னால் திண்ணையை மட்டும் வைத்துக்கொண்டு, பெரிய தாழ்வாரத்தைப் பின்பக்கம் கொண்டுபோங்கள். மேற்கில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கூரையின் முன்விளிம்பை 7 அடிக்கு இறக்கி, மூங்கில் தட்டி தொங்கவிடக் கொக்கி வைத்துவிடுங்கள். அப்போதும் நாலு மணிக்கு வெயில் தரையில் முழுவதுமாக விழும்; தட்டிதான் காப்பாற்றும்.

கூரைக்கு மேலே ஓடு போட ஆசையா? சரிவான கூரையில் சீமை ஓடு நல்ல நிழல். ஓட்டுக்குக் கீழே தகரம் வைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். மழைச் சத்தம் தொந்தரவாக இருக்கலாம். பலகை அடித்து அதன் மேல் ஓடு போடுங்கள், இல்லையென்றால் கான்கிரீட் சரிவுத்தளத்தின் மேல் போடுங்கள்.

தூண் பற்றி. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், கல் அடித்தளம், நிலைக்கதவு எல்லாம் கிடைக்கும். போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும்: அளவு நாடா, ஆணி, பொறுமை. உயரம் ஒவ்வொரு தூணுக்கும் மாறும். நாலும் ஒரே உயரமா என்று அளந்து வாங்குங்கள், அதற்கேற்ற உயரத்தில் உத்தரத்தைப் பிறகு அமைக்கலாம். ஆணியால் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள், கரையான் தின்றிருந்தால் உள்ளே போகும். மரம் நேராகத் தரையைத் தொடக் கூடாது. 6 அங்குலமாவது கல் அடித்தளத்தில் நிற்க வேண்டும். பட்ஜெட் இடிக்கிறதா, நாலு கல்தூண் நட்டுவிடுங்கள். கல்லுக்குக் கரையான் இல்லை.

மேற்குச் சுவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கில் குளியலறை, மாடிப்படி, சாமான் அறை இவற்றை வையுங்கள்; அவை வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். சன்னல் சிறிதாக, உயரமாக இருக்கட்டும். சுவருக்கு 2 அடி தள்ளி ஓட்டைச் செங்கல்லால் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பினால் காற்று வரும், வெயில் வராது; பார்க்கவும் அழகு. இதற்கெல்லாம் காசில்லை என்றால் ஒரு புங்கை. பங்குனி வாக்கில் கொஞ்ச நாள் இலை உதிர்த்துவிட்டு, கத்திரி வெயிலுக்கு முன் தளதளவென்று தளிர்த்து நிற்கும். ஏசிக்காரர் இந்த மாதிரி ஒரு மரத்தை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

தரை: ஆத்தங்குடிக் கல்லை எங்கே போடலாம்

செட்டிநாட்டில் வீடு என்றால் ஆத்தங்குடிக் கல் இல்லாமலா? போடுங்கள். ஆனால் போடும் இடம் தெரிந்து போடுங்கள்.

அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுப்பது. கண்ணாடியைப் பிரித்தெடுக்கும்போது வரும் வழவழப்புத்தான் அதன் பளபளப்பு. முழுக்கக் கைவேலை. ஒரு நாள் கலந்த பச்சையும் மறுநாள் கலந்த பச்சையும் ஒன்றாக இருக்காது. அதனால் ஒரே தவணையில், தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்கி வையுங்கள். 8 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 கல். உடைசலுக்குச் சேர்த்து 250.

கூரைக்குக் கீழே, தாழ்வாரத்தில், திண்ணையின் முகப்பில் போட்டால் அருமை. நடக்க நடக்க மெருகேறும். திறந்த வெளியில் போட்டால் வெயிலில் நிறம் வெளிறும், மழையில் பாசி படிந்து வழுக்கும். போட்ட பிறகு ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. சிமெண்டை ஆசிட் அரித்துவிடும். மேல் மெருகு போனால் திரும்பி வராது. வேலை முடிந்ததும் சிமெண்டுக் கறையை ஆசிட் போட்டுப் போக்குவது சில கொத்தனார்களுக்குப் பழக்கம். முதல் நாளே சொல்லிவையுங்கள், கடைசி நாளும் சொல்லுங்கள். தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் போதும். பதிக்கத் தெரிந்த கொத்தனாரையே ஆத்தங்குடியில் விசாரித்துக் கூட்டி வருவது நல்லது, இணைப்பு இடைவெளி தெரியாமல் வைப்பது ஒரு கைப்பழக்கம்.

வெளிப்படிக்கு நான் செய்த தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். கடையில் "வெளியில் போடலாம் சார்" என்று கொடுத்த பளபள டைல்ஸைப் படியில் ஒட்டினோம். முதல் ஐப்பசி மழையில் அப்பா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டு ஆறு வாரம் உட்கார்ந்தார். டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, மேல்முகம் கொத்திய பட்டியக்கல் போட்டோம். கடையில் எந்த டைல்ஸ் வாங்கினாலும் ஒரு துண்டை வாங்கி, தண்ணீரோடு கொஞ்சம் சோப்பு ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

போர்டிகோவுக்கும் கல்தான் சிறந்தது. கடப்பாக் கல் மலிவு, ஆனால் கறுப்பு, சூடேறும். பேவர் பிளாக் போட்டால் இடுக்கில் தண்ணீர் இறங்கும், அது நல்லது. வாசலில் மட்டும் அதைப் போடாதீர்கள். கோலம் நிற்காது. வாசலுக்கு முன் 6 அடிக்கு 6 அடி வழவழப்பில்லாத சமதளம் ஒன்று, கோலத்துக்கென்றே விடுங்கள். எந்த வரைபடத்திலும் இந்தக் கட்டம் இருக்காது, நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் கோலம் போடுபவரைக் கூப்பிட்டு, குனிந்து நிற்க இடம் போதுமா என்று கேட்டுவிட்டு அளவு சொல்லுங்கள்.

முற்றம் வேண்டுமா

ஐந்தரை சென்டில் பெரிய வளவு வராது. 8 அடிக்கு 8 அடி முற்றம் வரும். அதைவிடச் சிறிதானால் கிணறு மாதிரி இருட்டாகிவிடும். முற்றத்தின் வேலை இரண்டு: சூடான காற்றை மேலே விடுவது, வெளிச்சத்தை நடுவீட்டுக்கு இறக்குவது. மழைக்குப் பயந்து பாலிகார்பனேட் ஷீட்டால் இறுக்கி மூடினால் வெளிச்சம் மட்டும் வரும், சூடு உள்ளேயே கொதிக்கும். மூடத்தான் வேண்டும் என்றால் ஷீட்டைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் கொசுவலை அடித்த இடைவெளி விடுங்கள். ஷீட்டின் விளிம்பு சுவரைத் தாண்டி 2 அடி வெளியே நீள வேண்டும். பாதுகாப்புக்கு இரும்புக் கிராதி தனியாக.

திறந்த முற்றம் வைக்கிற தைரியம் இருந்தால் அதன் தரையைத் தாழ்வாரத்தைவிட 6 அங்குலம் இறக்கி, 4 அங்குல வடிகாலை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்றில் இலை அடைத்தால் இன்னொன்று. பழைய வீட்டில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடிப்பார்கள். சாம்பார் பருப்பு அதில்தான் நன்றாக வேகும் என்பார் எங்கள் அப்பத்தா. போர்வெல் தண்ணீரில் உப்பு மிகுந்த மனைகளில் இது வெறும் பழங்கதை இல்லை.

கொல்லைப்பக்கம்

படங்களில் வரும் வெளிச் சமையலறையில் ஒரு சிம்னி, கறுப்புக் கல் மேடை, பார்பிக்யூ அடுப்பு. நமக்கு வேண்டியது வேறு. தீபாவளிப் பலகாரம் சுட ஒரு விறகடுப்பு, மீன் கழுவ ஒரு தொட்டி, வற்றல் காயப்போட ஒரு தளம், அம்மியும் ஆட்டுக்கல்லும் வைக்க நிழல். 10 அடிக்கு 8 அடி கூரை போட்ட இடம் ஒன்று போதும். அடுப்பு, காற்று வந்து புகையை வீட்டுக்குள் தள்ளாத பக்கமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்றை நினைத்து அடுப்பை வீட்டின் கிழக்கில் வையுங்கள். மேற்கில் வைத்தால் மிளகாய் வறுக்கும் நெடி நேராகப் படுக்கையறைக்குத்தான். மேடையை நின்று சமைக்கும் உயரத்தில் ஒன்றும், உட்கார்ந்து முறுக்குப் பிழிய 16 அங்குலத்தில் ஒன்றுமாக இரண்டாகப் பிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் இப்போது அங்கேதான் வந்து உட்காருகிறார்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகட்டும். சோப்புத் தண்ணீரை மழைநீர்க் குழியில் விடாதீர்கள்.

சுவரின் முகம்

இப்போது எலிவேஷன். இதற்குள் வீட்டின் முகம் பாதி வந்திருக்கும்: இறங்கிய கூரை, தாழ்வாரத்தின் நிழல், திண்ணை, ஓட்டைச் செங்கல் மறைப்பு. மிச்சம் மேல்பூச்சும் நிறமும்தான்.

அடர்சாம்பல் நிறம் படத்தில் நன்றாக இருக்கும்; நம் வெயிலில் சுவரைச் சூடேற்றும். வெள்ளை, சந்தன நிறம், வெளிர் மஞ்சள் நல்லது. ஒரு பகுதிக்கு மட்டும் செம்புறாங்கல் பயன்படுத்திப் பாருங்கள். வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டுப் பட்டு இறுகும் கல் அது. பூசாமலே விடலாம். தண்ணீரை உறிஞ்சும், அதனால் சுவரின் தலைக்கு 2 அங்குலம் வெளியே நீட்டிய மூடுகல் கட்டாயம்.

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு என்று பட்டுப்போல் மெருகேற்றிய சுவர்கள் நூறு வருடமாக நிற்கின்றன. அதை இன்று செய்யும் கை குறைவு, கூலி அதிகம், அவசரப்பட்டால் வெடிக்கும். முன்வாசலின் இரண்டு பக்கச் சுவருக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சுவிடாது, உள்ளே ஈரம் தங்கி உரிந்து வரும். சுண்ணாம்பே அடிக்க வேண்டும்.

முகப்பில் கஜலட்சுமி வைக்க விரும்பினால் வையுங்கள். சுதை வேலை தெரிந்தவர் செய்த சிறிய உருவம் ஒன்று, அச்சில் வார்த்த பத்து உருவங்களைவிட மேல்.

மரம், விளக்கு, காம்பவுண்டு

மரத்தைப் பூமி பூஜை அன்றே நடுங்கள். வீடு முடிவதற்குள் ஆள் உயரம் வந்துவிடும். லாரி திரும்பாத மூலையாகப் பார்த்து, சுற்றி நாலு கம்பு ஊன்றி வலை கட்டிவிடுங்கள். வேம்பும் புங்கையும் சுவரிலிருந்து 15 அடி. அவ்வளவு இடம் இல்லாதவர்கள் மகிழம், பவழமல்லி, நந்தியாவட்டை பக்கம் போகலாம். அரசும் ஆலும் வீட்டுப் பக்கம் வேண்டாம், காக்கை போட்ட விதை சுவரில் முளைத்தாலும் அன்றே பிடுங்குங்கள். அரளி அழகுதான், சின்னக் குழந்தை இருந்தால் தவிருங்கள். செடி முழுக்க விஷம். தொட்டிக்கு மானாமதுரை மண்பாண்டம் இருக்க, பிளாஸ்டிக் எதற்கு?

புல்தரையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கோடையில் அதற்கு ஊற்றும் தண்ணீரில் நாலு தென்னை வளரும்.

வெளிவிளக்கு மஞ்சள் நிறத்தில் இருக்கட்டும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் வெள்ளை விளக்கைப் போட்டால் ஊரிலுள்ள ஈசல் எல்லாம் உங்கள் தாழ்வாரத்தில்தான். விளக்கை உட்காரும் இடத்துக்கு நேர் மேலே வைக்காமல் தள்ளி வையுங்கள். வெளி பிளக் பாயிண்டுகளுக்கு மழைக்காப்பு மூடியும், மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற டிரிப்பரும் கட்டாயம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர்கள் நாம்.

காம்பவுண்டுச் சுவரை 5 அடிக்கு மேல் உயர்த்தினால் காற்று நின்றுபோகும், திண்ணையில் உட்கார்ந்து சுவரைத்தான் பார்க்க வேண்டும். 3 அடி சுவர், மேலே கிராதி. கேட்டின் அகலம் 11 அடி.

வேலை வரிசையும் முதல் மழையும்

வெளிவேலையைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது. பணம் உள்ளே தீர்ந்துபோய் வெளியே வெறும் மண்ணோடு குடிபோவார்கள். வெளிப்புறத்துக்கான தொகையை முதல் நாளே தனியாக எடுத்து வையுங்கள், மாடுலர் கிச்சன்காரர் கண்ணில் படாமல். தரை போடுமுன் தண்ணீர்க் குழாய், வடிகால், ஒயர் போகும் பைப் எல்லாம் புதைந்திருக்க வேண்டும். கேட்டிலிருந்து வீடு வரை ஒரு காலிப் பைப்பும் சேர்த்துப் புதையுங்கள், பின்னால் கேமராவுக்கோ காலிங் பெல்லுக்கோ உதவும். மேடாக்கிய மண்ணை ஒரு மழைக்காலம் முழுக்க நனைய விட்டு, அமுங்கிய பிறகு தரை போட்டால் விரிசல் குறையும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும்.

முதல் பெருமழை வரும் அன்று வீட்டுக்குள் உட்காராமல் குடையோடு வெளியே வாருங்கள். கையில் ஒரு சாக்பீஸ். தண்ணீர் தேங்கும் இடத்தில் வட்டம், சுவரில் சாரல் ஏறிய உயரத்தில் கோடு, நிரம்பி வழியும் குழாயில் பெருக்கல் குறி. மழையில் அழிந்துபோகும் என்பதால் உடனே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தனாருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.